கொள்ளை என்று யாருக்குப் பெயர்?

தோழர்களே, 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இந்தச் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தது. எட்டாண்டு! அந்தப் படை யார் வயலைத் தின்றது? அதற்குப் பெயர் படையெடுப்பு. கொள்ளை என்ற சொல்லை நமக்கு வைத்தார்கள். பழைய தென்னார்க்காட்டில் வேப்பூர்ப் பறையர்களைக் குற்றப்பரம்பரை என்றது வெள்ளை அரசு. கைரேகை, காவல் நிலையத்தில் ஆஜர், ஊர் தாண்ட அனுமதிச் சீட்டு.

யாருமே திருடவில்லை என்று நான் வாதாடவில்லை. திருடியவனைத் தண்டிக்க 1860லேயே இந்தியத் தண்டனைச் சட்டம் இருந்தது. பிறப்பையே குற்றமாக்கத்தான் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. சென்னை மாகாணம் 1947இல் அதை நீக்கி, மறு ஆண்டே வழக்கக் குற்றவாளிகள் சட்டம் போட்டது.

விழுப்புரம் மாவட்டத்தில் எங்கோ நகை காணாமல் போனால், போலீஸ் இருளர் குடிசையில் வந்து நிற்கும். அதைத் தட்டிக்கேட்கத்தான் பேராசிரியர் கல்யாணி போன்றோர் திண்டிவனத்தில் இருளர்களோடு சேர்ந்து சங்கம் கட்டினார்கள்.