இரத்தக் குழாயை அளக்கும் கம்பி
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

'இதயத்தில் அடைப்பு, கம்பி விட்டுப் பார்க்கணும்' என்று டாக்டர் சொன்னால் நம்மவர்களில் பலர் ஆஸ்பத்திரியை விட்டே ஓடப் பார்க்கிறார்கள். 'கம்பியில் கரண்ட் வேறு வைக்கிறாங்களாம்' என்று யாராவது சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம்! அந்தக் கரண்ட் எதற்கு என்பதைச் சொல்லத்தான் வந்தேன். கம்பி என்றதும் வேலிக்கம்பியை நினைத்துவிடாதீர்கள். அதன் தடிப்பு அரை மில்லிமீட்டர்கூட இல்லை.

1977 செப்டம்பரில் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் என்ற டாக்டர், இதயக் குழாய்க்குள் சின்ன பலூனை விட்டு ஊதி அடைப்பை விரித்தார். விரித்த குழாய் மறுபடி சுருங்காமலிருக்க, 1986-இல் பிரான்சில் ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாயை வைத்தார்கள். இரண்டிலும் ஒரே கேள்விதான்: எந்த அளவு? பெரிய இதயக் குழாயின் அகலமே மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். ஸ்டென்ட் சிறிதாய்ப் போனால் சுவரோடு ஒட்டாது, அங்கே இரத்தம் உறையலாம். பெரிதாய்ப் போனால் குழாய் கிழியலாம். பால் வெட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கத்தி மேலாகப் போனால் பால் வராது. கொஞ்சம் ஆழம் போனால் மரத்தில் காயம்.

எக்ஸ்ரே படத்தில் அளக்கலாமே என்பீர்கள். அளக்கிறார்கள், ஆனால் அது நிழல். ஒரு பக்கமிருந்து பார்த்தால் அகலம், மறுபக்கமிருந்து பார்த்தால் ஒடுக்கம். அதனால் உள்ளேயே போய் அளக்கும் கருவிகள் வந்தன. ஒலியலையால் அளப்பது ஒரு வகை. மின்சாரத்தால் அளப்பது இன்னொரு வகை.

இந்த வகையில், குழாய்க்குள் விடும் கருவியின் நுனிப் பக்கம் நான்கு சின்ன உலோக வளையங்கள் இருக்கும். வெளி வளையங்கள் இரண்டும், நோயாளிக்கே தெரியாத அளவு மின்சாரத்தைச் செலுத்தும். உள் வளையங்கள் இரண்டும் மின்னழுத்தத்தை அளக்கும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா? அதைக் குழாய்க்குள் செலுத்தி அளந்தால், அகலமான இடம் கூடுதலாகக் கடத்தும். ஒடுங்கிய இடம் குறைவாகக் கடத்தும்.

சிக்கல் எங்கே என்றால், குழாய்ச் சுவர் வழியாகவும் கொஞ்சம் மின்சாரம் வெளியே கசிகிறது. எவ்வளவு கசிகிறது என்று நேராக அளக்க வழியில்லை. அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? உப்புக் குறைந்த நீரில் ஒரு தடவை, உப்புக் கூடிய நீரில் ஒரு தடவை, அதே இடத்தில் அளந்தார்கள். கசிவு இரண்டு தடவையும் ஒன்றுதான். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் கசிவு அடிபட்டுப் போகும். மீதியை வைத்து அகலத்தைக் கணக்கிடலாம்.

கிளினிக்கில் தராசில் நிற்காமல் அழுகிற பிள்ளையை எப்படி நிறுக்கிறோம்? அம்மா பிள்ளையோடு ஏறி நிற்பார். பிறகு தனியாக ஏறி நிற்பார். கழித்துப் பார்த்தால் பிள்ளையின் எடை வந்துவிடும். பிள்ளைகளே, நீங்கள் வகுப்பில் போடும் அதே கழித்தல் கணக்குத்தான்!

இந்த மின்கருவி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது. உங்கள் வீட்டில் யாருக்காவது அடைப்பு என்றால், 'குழாய் எத்தனை மில்லிமீட்டர், எதை வைத்து அளந்தீங்க?' என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். தமிழ் தெரிந்த நர்ஸ் இருந்தால் தமிழிலேயே கேளுங்கள்.