ஆடுகளத்தை விட்டு அகலும் வேளை

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறிச் செல்பவர்கள் அங்கே வீசும் காற்றை மறக்கமாட்டார்கள். அக்காற்றிலே உதைபந்தை உயர அடித்தால், அது எங்கே விழும் என்பதை அடித்த பிள்ளையே அறியான். விளையாட்டு வீரனின் வாழ்வும் ஏறக்குறைய அத்தகையதே. அது எழும்பும் காலம் தெரிகிறது. இறங்கும் காலம் எளிதில் தெரிவதில்லை.

முப்பத்தைந்து வயது ஆசிரியரை நாம் இளைஞர் என்கிறோம். அதே வயதுடைய உதைபந்தாட்ட வீரரையோ முதியவர் என்கிறோம். அரசாங்க ஊழியனாகிய எனக்கு ஓய்வுபெறும் வயதைச் சட்டம் விதித்திருக்கிறது. ஆட்ட வீரனுக்கு அதனைச் சொல்லுவது அவனுடைய முழங்கால். அல்லது அவனுடைய மனச்சான்று.

இந்திய உதைபந்தாட்ட அணியின் தலைவராக விளங்கிய சுனில் சேத்ரியை எண்ணிப் பாருங்கள். 2005 ஆம் ஆண்டில் குவெட்டா நகரிலே பாகிஸ்தானுக்கு எதிராகத் தமது முதற் போட்டியை ஆடி, அதிலேயே ஒரு கோலும் அடித்தவர். 2024 மே மாதத்தில் தமது ஓய்வை அறிவித்தார். வீட்டாரிடம் முதலில் கூறியபோது தந்தையார் ஆறுதல் அடைந்தார் என்றும், தாயாரும் மனைவியும் அழுதுவிட்டனர் என்றும் அவரே சொன்னார். ஜூன் 6 ஆம் நாள் கொல்கத்தாவில் குவைத்துடன் நடந்த ஆட்டம் கோலின்றி முடிந்தது. 151 போட்டிகள், 94 கோல்கள் என்ற கணக்குடன் கண்ணீர் மல்க அவர் விடைபெற்றார்.

கதை அத்துடன் முடியவில்லை. அந்த 2024 ஆம் ஆண்டு முழுவதிலும் இந்திய அணி ஒரு போட்டியிலேனும் வெற்றி காணவில்லை. 2025 மார்ச்சில், நாற்பது வயதிலே, அவர் மீண்டும் அழைக்கப்பட்டார். ஷில்லாங்கில் மாலைதீவை 3–0 என்று வென்ற ஆட்டத்தில் அவரும் ஒரு கோல் அடித்தார். மக்கள் மகிழ்ந்தனர். மகிழ்ச்சியின் நடுவே ஒரு கேள்வியும் எழத்தான் வேண்டும்: அவர் விட்டுச்சென்ற இடத்தில் நிற்பதற்கு ஒருவரும் ஆயத்தமாக இல்லையா?

இதற்கு மறுதலையான ஒரு காட்சியை நமது நாட்டிலேயே கண்டோம். கண்டியிலே பிறந்த முத்தையா முரளிதரன், 2010 ஜூலையில் காலி மைதானத்திற்கு இறங்கியபோது 792 விக்கெட்டுகளை வைத்திருந்தார். இதுவே தமது இறுதி டெஸ்ட் போட்டி என்று முன்னதாகவே அறிவித்துவிட்டார். எஞ்சிய எட்டும் கிடைக்கும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. ஆயினும் எண்ணூறாவது விக்கெட், டெஸ்ட் அரங்கில் அவர் வீசிய கடைசிப் பந்திலே வீழ்ந்தது. அவருக்குப் பின் அணியின் சுழற்பந்துப் பாரத்தைச் சுமந்தவர் ரங்கன ஹேரத். 1999 இலேயே முதற் டெஸ்ட் போட்டியை ஆடியவர். நெடுங்காலம் முரளியின் நிழலிலே பொறுமையுடன் காத்திருந்தவர். அவர் 433 விக்கெட்டுகளுடன் 2018 இல், அதே காலி மைதானத்திலேயே ஓய்வு பெற்றார்.

இவ்விரண்டையும் ஒப்பிடும்போது ஒன்று விளங்குகிறது. தக்க வேளையில் விலகுவது வீரனின் கடமை. அவ்விலகலுக்கு முன்னரே அடுத்தவரை ஆளாக்குவது, அவனைக் கொண்டாடும் நம் அனைவரின் கடமை. முன்னதைச் செய்தவரிடமே பின்னதையும் சுமத்தி, நாற்பது வயதில் மறுபடி ஓடச் சொல்லுவது முறையாகாது.

இது பாடசாலைக்கும் பொருந்தும்; வீட்டுக்கும் பொருந்தும். நம் மலைநாட்டுப் பிள்ளைகளில் பலர் பந்தோடு பிறந்தவர்கள் போல ஓடுகிறார்கள். அவர்கள் ஓடட்டும், தடுக்கவேண்டாம். ஆனால் கால் ஓய்ந்த பின்னரும் வாழ்வு நாற்பது ஆண்டு நீளும் என்பதை நினைந்து, கல்வியையோ ஒரு கைத்தொழிலையோ கூடவே கொடுத்துவிடுங்கள். இளையவனுக்குப் பந்தைக் கொடுக்கும் மனத்தையும் இப்போதே பழக்குங்கள். அம்மனம் வாய்த்தவனுக்கு ஓய்வு இழப்பாகத் தோன்றாது.