மீண்டும் திரைக்கு வந்த கர்ணன்



2012ஆம் ஆண்டு மே மாதத்திலே, என் தாயாரின் கண் சிகிச்சையின் பொருட்டுச் சென்னை மாநகரிற் சில வாரங்கள் தங்க நேர்ந்தது. சிகிச்சை இனிதே முடிந்தது. கண்ணைக் கட்டியிருந்த துணியை அகற்றிச் சில நாட்கள் கழிந்தபின், “இனி எதையும் பார்க்கலாம்” என்று வைத்தியர் கூறினார். கோயிலுக்குப் போவோமா, கடற்கரைக்குப் போவோமா என்று நான் கேட்டேன். அம்மையார் சிறிதும் தயங்கவில்லை. “கர்ணன் ஓடுது எண்டு பேப்பரிலே கிடக்குது. அதுக்குக் கூட்டிக்கொண்டு போ” என்றார்.

அவ்வாறுதான், நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஒரு படத்தைப் புதிய படத்திற்குச் செல்வது போல முன்கூட்டியே சீட்டுப் பெற்றுச் சென்று பார்க்கும் அனுபவம் எனக்கு வாய்த்தது. அதைக் குறித்தும், பழைய படமொன்று மீண்டும் மண்டபம் நிறைப்பதன் காரணங்களைக் குறித்தும் இன்று தங்களுடன் சிறிது பேச விரும்புகின்றேன்.

பி. ஆர். பந்துலு தயாரித்து இயக்கிய ‘கர்ணன்’, 1964ஆம் ஆண்டு தைப்பொங்கல் தினத்தன்று வெளியிடப்பெற்றது. அதே தினத்தில் எம்.ஜி.ஆரின் ‘வேட்டைக்காரன்’ படமும் வெளிவந்து போட்டிக்கு நின்றது. கர்ணனாகச் சிவாஜி கணேசன், கண்ணனாக என்.டி. ராமராவ், துரியோதனனாக அசோகன், அருச்சுனனாக முத்துராமன், கர்ணன் மனைவியாகத் தேவிகா, பானுமதியாகச் சாவித்திரி, குந்தியாக எம்.வி. ராஜம்மா என்று பெருங்கலைஞர் குழாமொன்றே அதில் திரண்டிருந்தது. வசனம் சக்தி கிருஷ்ணசாமி, பாடல்கள் கண்ணதாசன், இசை விசுவநாதனும் ராமமூர்த்தியும். போர்க்களக் காட்சிகளைக் குருச்சேத்திரத்திலேயே சென்று படம்பிடித்தார்கள். செலவிட்ட பெருந்தொகைக்கு ஏற்ற வருவாய் அன்று கிடைக்கவில்லை என்று சினிமா வரலாறு எழுதுவோர் சிலர் கூறுவர். எது எவ்வாறாயினும், 2012ஆம் ஆண்டு மார்ச் 16ஆந் திகதி எண்ணிம முறையிற் செப்பனிடப்பெற்று மீண்டும் வெளியானபோது, சென்னையில் அது நூறு நாட்களைக் கடந்து ஓடியது. பிறந்த காலத்தில் பெறாத மகுடத்தைப் பேரப்பிள்ளைகளின் காலத்திலே பெற்றது என்றுகூடச் சொல்லலாம்.

பழைய படத்தை மறுபடி திரையிடுவது ஒன்றும் புதிய வழக்கமன்று. என் பிள்ளைப்பிராயத்தில் அதுவே இயல்பு. புதுப்படம் நகரத்துப் பெரிய மாளிகையில் ஓடி முடிந்ததும் சுருட்பெட்டிகள் சிறிய ஊர்களுக்குப் புறப்படும். பல ஆண்டுகள் சுற்றி, கீறல் விழுந்து, ஒட்டுப்போட்டு, மறுபடி நகரத்துக்கே குறைந்த கட்டணத்தில் வந்து சேரும். 1979ஆம் ஆண்டளவிலே, எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும், என் தந்தையார் துவிச்சக்கர வண்டியின் முன்பாரில் என்னை இருத்திக்கொண்டு யாழ்ப்பாண நகரத்துப் படமாளிகை ஒன்றுக்குச் சென்று கர்ணனைக் காட்டினார். அந்தப் பிரதியில் மழை பெய்துகொண்டே இருந்தது. வானத்து மழை அன்று. சுருளிலே விழுந்த கீறல்கள் செய்யும் மழை. கவசகுண்டலத்தை அறுத்துக் கொடுக்கும் கட்டத்திலே சுருள் அறுந்து மண்டபம் இருண்டுவிட்டது. கலரியிலிருந்து எழுந்த கூச்சலை இன்றும் மறந்திலேன். ஒட்டிய பிறகு பார்த்தால், இந்திரன் தானத்தைப் பெற்றுக்கொண்டு போய்விட்டான்!

வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகமொன்றை அப்பா வாங்கினார். அஞ்சலகத்தில் எழுதுவினைஞராயிருந்த அவர் பேச்சிற் சிக்கனம் மிக்கவர்; பாடியதை நான் கேட்டதே இல்லை. ஆயினும் அந்தப் புத்தகத்தை எண்ணெய்க் கறை படாதவாறு கடுதாசியுறை போட்டு, பஞ்சாங்கத்தோடு வைத்திருந்தார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் புறப்பட்ட இரவிலே, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் வந்தன. பஞ்சாங்கமும் அதனோடிருந்த புத்தகமும் வரவில்லை. அப்பாவும் அடுத்த ஆண்டு காலமாகிவிட்டார்.

இடைப்பட்ட காலத்திலே உலகம் மாறிவிட்டது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் இந்நாட்டில் வந்தன. வீடியோப் பெட்டி வந்தது, குறுவட்டு வந்தது, இப்போது கையிலுள்ள தொலைபேசியிலேயே எப்படத்தையும் எவரும் பார்க்கலாம். சுருட்பெட்டி ஊரூராய்ச் சுற்றும் வழக்கம் இதனால் ஒழிந்தது. ஆகவே 2012இல் கர்ணனுக்குக் கூடிய கூட்டம், வேறு வழியின்றிக் கூடிய கூட்டமன்று. வீட்டிலே காசின்றிப் பார்க்கக்கூடியதைக் காசு கொடுத்து, வெயிலிலே நின்று பார்க்க வந்த கூட்டம். வியப்பு இங்கேதான் இருக்கிறது.

முதலில், அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று சொல்லவேண்டும். வண்ணப்படச் சுருளின் சாயங்கள் காலம் செல்லச் செல்ல வெளிறும் இயல்புடையன. எல்லாச் சாயமும் ஒரே அளவில் வெளிறுவதில்லை; நீலப்பச்சை முந்திக்கொண்டு மங்க, படம் முழுவதும் செம்மண் பூசியது போலாகிவிடும். சுருள் சுருங்கும், வளையும், பேணாது விட்டால் காடி நாற்றம் வீசத் தொடங்கும். ஒலியும் சுருளின் ஓரத்திலே ஒளிக்கோடாகப் பதிந்திருப்பதால், ஒவ்வொரு கீறலும் காதிலே இரைச்சலாக விழும். ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு சட்டங்கள். மூன்று மணி நேரப் படமொன்றுக்கு ஏறத்தாழ 2,59,200 சட்டங்கள். அத்தனையையும் கணினியிற் பதிந்து, தூசி துடைத்து, நிறம் மீட்டு, ஒலியின் இரைச்சலை வடிகட்டி எடுத்தல் பொறுமை மிக்க ஒரு தொழில். ஓலைச்சுவடியைச் செல்லின் வாயிலிருந்து மீட்டுப் பதிப்பித்த நம் முன்னோரின் தொழிலுக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆனால் பதிப்பாசிரியனுக்கு ஓர் அடக்கம் வேண்டும். சதுரப்பாங்கான பழைய படத்தை இக்காலத்து அகலத்திரைக்காக நீட்டும்போது, நடிகரின் நெற்றியும் பாதமும் வெட்டுண்டு போகின்றன. கறுப்பு வெள்ளையாயிருந்த ‘மாயா பஜார்’ (1957) 2010இலும், பெரும்பகுதி கறுப்பு வெள்ளையாயிருந்த ‘முகலே ஆஸம்’ (1960) 2004இலும் முழுவண்ணம் தீட்டப்பட்டு வெளிவந்தன. மக்கள் விரும்பித்தான் பார்த்தார்கள். எனினும் ஏட்டிலே இல்லாத சொல்லைப் பதிப்பாசிரியன் சேர்ப்பது எனக்கு உடன்பாடன்று.

மண்டபத்துக்கு வருவோம். எங்களுக்கு முன்வரிசையிலே எழுபது வயது மதிக்கத்தக்க நால்வர் வேட்டி சால்வையுடன் வந்து அமர்ந்தனர். பின்வரிசையிலே கல்லூரி மாணாக்கர். விளக்கு அணைந்தபின் வயது வேற்றுமை மறைந்துவிட்டது. சிவாஜி கணேசன் வசனத்தைத் தொடங்குமுன்பே முன்வரிசைப் பெரியவர்கள் அதைச் சொல்லி முடித்தார்கள். நால்வர் அடுத்தடுத்துக் கர்ணனின் கொடையைப் புகழ்ந்து பாடும் சபைக் காட்சியிலே, சௌந்தரராஜன் குரலா, சீர்காழி கோவிந்தராஜன் குரலா, திருச்சி லோகநாதன் குரலா, ஸ்ரீனிவாஸ் குரலா என்று ஒருவருக்கொருவர் சத்தமாய் அடையாளம் சொல்லிக்கொண்டார்கள். எனக்குச் சற்றே எரிச்சல்தான். பள்ளிக்கூட வாத்தியாருக்கு வகுப்பிலே சத்தம் கேட்டால் வரும் எரிச்சல். தாயாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, “அப்பா இருந்திருந்தால், இந்தச் சத்தத்துக்குள்ளே மனிசர் படம் பார்க்க ஏலுமோ எண்டு எழும்பிப் போயிருப்பார்” என்றார்.

ஆனால் போர்க்களத்திலே கர்ணன் அம்புபட்டுக் கிடக்க, கண்ணன் வாயிலாகச் சீர்காழியாரின் குரல் எழுந்தபோது, அத்தனை சத்தமும் அடங்கிவிட்டது. சக்கரவாக ராகத்திலமைந்த அப்பாடல் அழுகைப்பாட்டன்று. குற்றம் சாட்டப்பெற்றவனுக்காகக் கடவுளே சொல்லும் வாக்குமூலம். விழுந்தவனைக் குறித்து, விழவைத்தவனே பாடுகின்றான். அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சிகிச்சை செய்த கண்ணாயிற்றே என்று நான் பதறினேன். “ஒண்டுமில்லை, விடு” என்றார். யாருக்காக அழுதார் என்று நான் கேட்கவில்லை.

அன்று திரையிலே கண்ட முதன்மை நடிகரில் ஏறக்குறைய அனைவரும் அதற்கு முன்பே மறைந்துவிட்டவர்கள். பந்துலு 1974இல் மறைந்தார், முத்துராமனும் சாவித்திரியும் கண்ணதாசனும் 1981இல், ராமராவ் 1996இல், சிவாஜி கணேசன் 2001இல். பாடகருள்ளும் இசையமைப்பாளருள்ளும் சிலர் இந்த வெற்றியைக் காண இருந்தார்கள். அவர்களிலும் ராமமூர்த்தி, ஸ்ரீனிவாஸ், சௌந்தரராஜன் ஆகிய மூவரும் அடுத்த ஆண்டே, 2013இலே, ஒருவர்பின் ஒருவராய்ப் போய்விட்டார்கள்.

இப்படம் நிலைத்தமைக்கு நடிப்பும் இசையும் மாத்திரம் காரணமென்று நான் கருதவில்லை. கதை படத்தினும் மூத்தது. அதனினும் முக்கியம், அது தமிழ்க் கூத்துக்களரியிலே வளர்ந்த கதை. குருதி வழியும் வேளையிலே தன் புண்ணியம் முழுவதையும் அந்தண வேடத்தில் வந்த கண்ணனுக்குக் கர்ணன் தாரைவார்க்கும் நிகழ்ச்சி வியாசரிலே இல்லை. வில்லிபுத்தூராரின் பாரதத்திலே உண்டு. பந்துலு எடுத்தது நம்மவரின் கர்ணனைத்தான். தமிழகத்துத் தெருக்கூத்திலே ‘கர்ண மோட்சம்’ விடியற்காலத்தில் ஆடப்படுவது. நமது மட்டக்களப்பு வடமோடிக் கூத்திலும் பாரதக் கதைகளே மிகுதி. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத் திருவிழாவிலே பாரதம் இன்றும் சடங்காகவே நிகழ்த்தப்படுகிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அண்ணாவிமாரின் துணையோடு பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கூத்தைக் கொண்டுவந்தபோது, 1962இல் அவர் எடுத்தது ‘கர்ணன் போர்’. படம் வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னரே. ஆகவே 1964இல் படமாளிகைக்குச் சென்ற தமிழன் முடிவு தெரியாமற் செல்லவில்லை. முடிவைத் தெரிந்துகொண்டே, இம்முறை எவ்விதம் சொல்கிறார்கள் பார்ப்போம் என்று சென்றான். அவ்வாறு செல்பவன் மறுபடியும் செல்வான்.

இனி, கதையிலுள்ள ஒரு முள்ளைப் பற்றியும் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பிலே செஞ்சோற்றுக் கடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நன்றி மறவாமையின் இலக்கணம் கர்ணன் என்று வழக்கம்போலச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்தாள். “சேர், சபையிலே பாஞ்சாலியை இழிவாகப் பேசியவனும் கர்ணன்தானே? சோறு போட்டவன் செய்கிற அநியாயத்துக்குத் துணை நிற்பது நன்றியா?” என்று கேட்டாள். அவள் சொன்னது உண்மை. வியாசரின் சபைப் பருவத்திலே கர்ணன் வாயிலிருந்து வந்த சொற்கள் கொடியவை. படம் பார்த்து வெளியே வருபவரின் நெஞ்சிலே அச்சொற்கள் நிற்பதில்லை. சிதறிய முத்துக்களைக் கண்டு பானுமதி நடுங்க, ஐயத்தின் நிழலும் படியாத துரியோதனனின் நட்பே நிற்கிறது. நம் கண்ணீரைத் தன் நாயகனுக்காக இயக்குநர் முன்னரே சேமித்துவிட்டார். பக்கம் சேர்ந்தவரை விடமுடியாமல், பக்கத்தின் நியாயத்தையும் சொல்லமுடியாமல் தவித்த குடும்பங்கள் இந்நாட்டிலே எத்தனையோ. அப்படியான ஒரு குடும்பத்திலிருந்தே அந்த மாணவி வந்திருந்தாள் என்பதை நான் அறிவேன். அன்று நான் அளித்த விடை, பரீட்சைக்குப் போதுமான விடை. அவளுக்குப் போதவில்லை என்பது அவள் முகத்திலே தெரிந்தது. மறுநாள் வகுப்பு முழுவதையும் அவளது கேள்விக்கே விட்டுக்கொடுத்தேன். மணியடித்தபின்னும் வாதம் முடியவில்லை.

கர்ணனின் வெற்றிக்குப்பின் மறுவெளியீடு ஒரு வணிக முறையாகிவிட்டது. பந்துலுவே இயக்கிய ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) 2014இல் வந்தது. 2004இல் வந்த ‘கில்லி’ 2024 ஏப்ரலில் மறுபடி வந்தபோது, அப்படத்தினும் வயதிற் குறைந்த பிள்ளைகள் திரைமுன் ஆடினார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் குறைகூறவில்லை, அவர்களுக்கு அது கர்ணன். ஆயினும் பெரிய நட்சத்திரங்களின் படங்களே இவ்வாறு கரைசேருகின்றன என்பதையும் கவனிக்கவேண்டும்.

அதற்கும் முன்னதாக வேறொன்று வேண்டும்: மூலச்சுருள் எங்காவது எஞ்சியிருக்கவேண்டும். இவ்விடத்திலே நமது நாட்டு நிலைமை மனத்தை வருத்துகிறது. 1962இல் ‘சமுதாயம்’, 1963இல் ‘தோட்டக்காரி’ என்று தொடங்கி, ‘குத்துவிளக்கு’, ‘பொன்மணி’, ‘வாடைக்காற்று’ எனச் சென்ற ஈழத்துத் தமிழ்ப்படங்களின் வரிசை சிறியது. அதிலும் தீ புகுந்தது. 1983 ஜூலையிலே, கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது, சிங்களப் படங்களும் தமிழ்ப் படங்களுமாக அங்கிருந்த மூலச்சுருள்கள் பல சாம்பலாயின. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘நிதானய’ (1972) போன்ற சில சிங்களப் படங்கள் அயல்நாட்டார் உதவியோடு செப்பனிடப்பெற்று மறுவாழ்வு பெற்றிருப்பது மகிழ்ச்சிக்குரியது. தமிழ்ப்படங்களுக்கும் அந்தக் கை நீளவேண்டும்.

ஆதலால், நேயர்களே, தங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய படமாளிகை நடத்தியவர்களின் பிள்ளைகளோ, விநியோகம் செய்தவர்களின் உறவினரோ இதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். வீட்டுப் பரணிலோ களஞ்சிய அறையிலோ வட்டமான தகரப் பேழைகள் கிடந்தால், பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துப் போட்டுவிடாதீர்கள். வெயிலில் வைக்கவேண்டாம், ஈரத்திலும் வைக்கவேண்டாம். காடி மணம் வீசினால், அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான குளிர்ந்த இடத்திலே தட்டையாகப் படுக்கவையுங்கள். மூடியின்மேல் ஏதும் எழுதியிருந்தால் அதைப் படியெடுத்துக்கொண்டு, அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்தாரிடமேனும் சென்று காட்டுங்கள்.