பழைய சரக்கு வண்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் இன்ஜினைப் பாருங்கள்!

திருவண்ணாமலை, செங்கம், போளூர், கீழ்பென்னாத்தூர் வட்டாரங்களில் மாட்டு வண்டி போன தடத்தில் இன்றைக்குச் சின்னச் சரக்கு வண்டி ஓடுகிறது. நெல்லானாலும் மணிலாவானாலும், பூக்கூடையானாலும் பால் கேனானாலும், அதில்தான் ஏற்றுகிறோம். புது வண்டியின் விலை கைக்கு எட்டாதபோது பழைய வண்டி வாங்க நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் அந்தப் பணம் நகையை அடகு வைத்தோ கடன் வாங்கியோ வருகிற பணம். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டால், ஒரு போகம் முடிவதற்குள் இன்ஜினை இறக்கி வேலை பார்க்கும்படி ஆகிவிடும். வண்டி ஷெட்டில் நிற்கும், தவணை நிற்காது. ஆகவே இன்ஜினை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

வண்டியைப் பார்க்கக் கிளம்பும் முன்பே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி வையுங்கள். எவ்வளவு பாரம் ஏற்றப் போகிறோம்? எந்த ரோட்டில் ஓட்டப் போகிறோம்? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? இந்த மூன்றும் தெரிந்தால் எந்த இன்ஜின் என்பது பாதி முடிவான மாதிரிதான்.

நம்ம ஊரில் குட்டி யானை என்று சொல்கிறோமே, அந்த டாடா ஏஸ் வண்டி 2005ஆம் ஆண்டு வந்தது. அதன் ஆரம்பகால டீசல் இன்ஜினுக்கு 2 சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத் திறன். முக்கால் டன் பாரத்துக்கென்று செய்த வண்டி. 75 கிலோ நெல் மூட்டை என்றால் 10 மூட்டை. வயலிலிருந்து உழவர் சந்தைக்கோ விற்பனைக் கூடத்துக்கோ சமதரையில் போய்வர இது போதும். அதிலேயே 20 மூட்டையை ஏற்றி, போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏறச் சொன்னால் என்ன ஆகும்? முதல் கியரிலேயே முக்கி முக்கி ஏறும். தண்ணீர் கொதிக்கும். ஹெட் கேஸ்கெட் போகும். அது இன்ஜினின் குற்றம் இல்லை.

ஒரு டன்னுக்கு மேல் அடிக்கடி ஏற்றுகிறவர்களும், மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களும் பெரிய இன்ஜினைத்தான் பார்க்க வேண்டும். அசோக் லேலண்ட் தோஸ்த் வண்டியின் டீசல் இன்ஜின் 3 சிலிண்டர், ஏறக்குறைய 1.5 லிட்டர். மகேந்திரா பொலேரோ பிக்கப்பில் பரவலாகக் கிடைக்கிற டீசல் இன்ஜின் 4 சிலிண்டர், 2,523 சி.சி.

அதற்காக எல்லாரும் பெரிய வண்டியாகவே வாங்கிவிடவும் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டம். சின்ன வண்டி லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தால் 75 லிட்டர் ஆகும். பெரிய வண்டி 12 கிலோமீட்டர் கொடுத்தால் 125 லிட்டர் ஆகும். 50 லிட்டர் வித்தியாசம். லிட்டர் 90 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 4,500 ரூபாய். தினம் நாலு பூக்கூடையும் இரண்டு பால் கேனும் ஏற்றுகிறவர் இந்தச் செலவை ஏன் சுமக்க வேண்டும்?

அடுத்தது, வண்டி எந்த வருஷத்தது என்பது. பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் டீசல் பம்பு மெக்கானிக்கல் வகை. புகை கொஞ்சம் கூடுதல். ஆனால் உள்ளூர் மெக்கானிக்கே கழற்றி மாட்டிவிடுவார். 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 விதி நாடு முழுவதும் வந்தது. அதையொட்டிக் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் காமன் ரெயில் இன்ஜின்கள் பரவின. இழுவையும் மைலேஜும் நன்றாக இருக்கும். ஆனால் டீசலில் தண்ணீரோ தூசியோ கலந்தால் இன்ஜெக்டர் கெட்டுவிடும். அதன் செலவு அதிகம். பம்புசெட்டுக்கென்று டின்னில் வாங்கி வைத்த டீசலை இந்த வண்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 வந்தது. இந்த டீசல் வண்டிகள் பலவற்றில், புகையிலுள்ள கரியைப் பிடிக்க சைலன்சர் பாதையில் ஒரு வடிகட்டி இருக்கிறது. வண்டி நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி சூட்டில் எரிந்து சுத்தமாகும். தினம் மூன்று கிலோமீட்டர் பால் சொசைட்டிக்குப் போய்த் திரும்புவதோடு சரி என்றால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், இழுவை குறையும். அப்படிக் குறைந்த தூரம் ஓட்டுகிறவர்கள் பெட்ரோல் இன்ஜினையும் யோசிக்கலாம். ஏஸ் வகையிலேயே 2020இல் பெட்ரோல் வண்டி வந்தது. கேஸ் வண்டி என்றால், உங்கள் வழியில் கேஸ் பங்க் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.

இனி வண்டியைப் பரிசோதிக்கும் முறை. நீங்கள் வருவதற்குள் இன்ஜினை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆறிய நிலையில் ஸ்டார்ட் ஆவதில்தான் இன்ஜினின் உண்மையான நிலை தெரியும்.

ஸ்டார்ட் செய்யும் முன், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதக்கக் கூடாது. ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பயமில்லை; பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். ஓடி நின்ற சூட்டில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். முகத்தில் கொதிநீர் அடிக்கும்.

ஸ்டார்ட் ஆனபின் புகையைக் கவனியுங்கள். நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். பாரம் இழுக்கும்போது கரும்புகை தள்ளினால் டீசல் சரியாக எரியவில்லை. நாசில், பம்பு, ஏர் ஃபில்டர் பார்க்க வேண்டும். சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காமல் வந்து, தண்ணீரும் குறைந்தால், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். லேசான ஆவி பரவாயில்லை. குபுகுபுவென்று காற்று தள்ளினால் இன்ஜின் வேலை நெருங்கிவிட்டது என்று பொருள்.

கெட்டி ஆயிலை ஊற்றிச் சத்தத்தையும் புகையையும் கொஞ்ச நேரம் மறைக்கிறவர்களும் உண்டு. ஆகையால் காலி வண்டியை ஒரு தெரு சுற்றிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அளவான பாரம் ஏற்றி, மேடுள்ள ரோட்டில் 10 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். கூடவே மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்கள். அவர் விற்பவர் காட்டிவிட்ட ஆளாக இருக்கக் கூடாது.

கடைசியாக, காகிதங்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள இன்ஜின் நம்பரும் இன்ஜினில் குத்தியிருக்கும் நம்பரும் ஒன்றுதானா? மாறியிருந்தால் இன்ஜினை மாற்றி ஆர்.சி.யில் பதியாமல் விட்டிருக்கிறார்கள். நாளைக்கு அலைவது நீங்கள்தான். கடன் பாக்கி இருந்தால் அதை ரத்து செய்த சான்று கேளுங்கள். சரக்கு வண்டிக்கு 8 வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும் என்பதையும் செலவுக் கணக்கில் சேருங்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்காமல் முழுப்பணமும் கொடுத்துவிடாதீர்கள்.

மெக்கானிக் சொல்லுகிற ரிப்பேர் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல், முதல் சர்வீசுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? வண்டிக்கும் அந்த நிதானம் வேண்டும்.