பாட்டிலே வரும் தாய் யாருடைய தாய்?

(இசை மன்றம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சங்கீதத்திலே எனக்கு ஞானம் கிடையாது. தாளம் தவறினால் எனக்குத் தெரியாது. வழக்கின் தவணை தவறினால் மட்டும் தெரியும். (சிரிப்பு) அத்தகைய ஒரு சட்டத்தரணியை இசை விழாவுக்கு அழைத்த காரணத்தை மன்றத்தார் என்னிடம் மறைக்கவில்லை. மன்றத்துக்கென ஒரு பாட்டு வேண்டுமென்று தீர்மானித்தார்கள். நம் ஊர்ப் புலவர் பாட்டை எழுதினார். நம் ஊர் வித்துவான் மெட்டமைக்க இசைந்தார். புலவர் இந்நாட்டைத் தாயாக உருவகித்து, நெல்லையும் தேயிலையையும் தென்னையையும் பனையையும் அவள் மடியிலே வைத்துப் பாடினார். வித்துவானோ, "அந்தத் தாய் என்னைப் பிள்ளையென்று ஏற்காதபோது அவளை நான் எப்படிப் பாடுவேன்? பனையை விட்டு மற்றவற்றை எடுத்துவிடும்" என்றார். புலவர் மறுத்தார். வித்துவான் தாமே இரண்டு அடிகளை மாற்றி மாணவருக்குப் பயிற்றிவிட்டார். முப்பது வருட நண்பர்கள் இருவரும் இன்று இதே மண்டபத்தில் ஆளுக்கொரு மூலையில் அமர்ந்திருக்கிறார்கள்.

இவ்வழக்கிலே தீர்ப்புச் சொல்லுமுன் ஒரு பழைய வழக்கை எடுத்துக்காட்டுவது எங்கள் தொழில் வழக்கம். அந்தப் பழைய வழக்கு இந்நாட்டின் தேசீய கீதத்தின் வழக்கேயாகும்.

1940ஆம் ஆண்டு ஆனந்த சமரக்கோன் என்னும் சிங்கள இசைவாணர் "நமோ நமோ மாதா" என்னும் பாட்டை இயற்றினார். கிறிஸ்தவக் குடும்பத்திலே பிறந்தவர். தாகூரின் சாந்திநிகேதனத்துக்குச் சென்று சில காலம் பயின்று திரும்பியவர். காலியிலே ஆசிரியராகக் கடமையாற்றியவர். நாட்டைத் தாயாகக் கண்டு வணங்கும் பார்வையை வங்கத்து மண்ணிலே அவர் கண்டிருந்தார். அவருடைய பாட்டில் நிலத்தின் வளம் உண்டு. கல்வியும் வலிமையும் உண்டு. ஒரு தாயின் மக்களாய் வேற்றுமை நீங்கி நடக்கவேண்டுமென்ற வேண்டுகோள் உண்டு. எந்த ஓர் இனத்தின் பெயரோ எந்த ஒரு மதத்தின் பெயரோ அதில் இல்லை. இதைச் சிங்கள மொழிக்கு எதிராக வழக்காடுகின்ற எம்மவரும் அறிந்துகொள்ள வேண்டும்.

சுதந்திரம் வந்தபோது நாட்டுக்கு ஒரு கீதம் வேண்டியிருந்தது. லங்கா கந்தர்வ சபை 1948ஆம் ஆண்டு ஒரு போட்டியை நடத்தியது. பரிசு பெற்ற பாட்டு வேறொன்று. அதை எழுதியவர் பீ. பீ. இலங்கசிங்க, இசை அமைத்தவர் லயனல் எதிரிசிங்க. இருவரும் போட்டியின் நடுவர் குழுவிலே இருந்தவர்கள்! தன் வழக்குக்குத் தானே நீதிபதியாதல் ஆகாதென்பது சட்டத்தின் முதற்பாடம். பாட்டு எத்துணை நல்லதாயினும் அதனைத் தெரிந்த முறை பிழையென்று மக்கள் முணுமுணுத்தார்கள், அது நிலைபெறவில்லை. 1949ஆம் ஆண்டுச் சுதந்திர தின விழாவிலே கீதம் சிங்களத்திலும் தமிழிலும் பாடப்பட்டது.

பின்னர், சேர் எட்வின் விஜயரத்தின தலைமையில் அமைந்த குழு சமரக்கோனின் பாட்டையே தெரிந்தெடுத்தது. சிறு திருத்தமொன்று வேண்டுமென்று கேட்டது, அவர் சம்மதித்தார், திருத்தம் செய்யப்பட்டது. 1951 நவம்பர் 22இல் மந்திரிசபை அதனை ஏற்றது. புலவர் மு. நல்லதம்பி அதனைத் தமிழிலே ஆக்கித் தந்தார். சொல் இரண்டு, மெட்டு ஒன்று. அந்த ஏற்பாடு நிலைத்திருந்தால் இன்று நான் பேசுவதற்குப் பொருளே இருந்திராது.

நிலைக்கவில்லை. 1952இல் முதற் பிரதம மந்திரி டீ. எஸ். சேனநாயக்கா குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். 1959இல் பிரதம மந்திரி பண்டாரநாயக்கா சுடப்பட்டு இறந்தார். இவற்றுக்கெல்லாம் பாட்டின் முதலெழுத்தே காரணம், "ந" என்று தொடங்கும் கணம் நாட்டுக்கு ஆகாது என்று சிலர் வாதித்தார்கள். நாம் சிரிக்கவேண்டாம். நம்முடைய பாட்டியல் நூல்களிலும் மங்கலச் சொல்லும் கணப் பொருத்தமும் சொல்லப்பட்டுள்ளன. எழுத்துக்கு நன்மை தீமை பார்ப்பது நமக்கும் புதிதன்று. ஆனால், குதிரை இடறியதற்கும் கொலைஞன் சுட்டதற்கும் கவிஞனைக் குற்றக்கூண்டிலே நிறுத்துவது எந்தச் சாட்சியச் சட்டத்துக்கும் அடங்காது.

1961ஆம் ஆண்டு பெப்ரவரியில் அரசினர் அந்த முதலடியை மாற்றினர். "ஸ்ரீ லங்கா மாதா" என்பது அதன் தொடக்கமாயிற்று. சமரக்கோன் எதிர்த்தார், கடுமையாக எதிர்த்தார், கேட்பார் இல்லை. 1962 ஏப்ரலில் அவர் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். தம் பாட்டு சிதைக்கப்பட்டதென்ற மனக்குறையை அவர் எழுதி வைத்துச் சென்றார். ஒரு மனிதனின் மரணத்துக்கு ஒரே காரணம் கற்பிக்க நான் துணியமாட்டேன். எனினும் அந்தக் குறை அவருடையது. அது உண்மையான குறை.

பெரியோர்களே, 1951லும் பாட்டு திருத்தப்பட்டது. 1961லும் பாட்டு திருத்தப்பட்டது. முன்னதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. பின்னது ஆறாத புண்ணாயிற்று. வேறுபாடு என்ன? சம்மதம் என்ற ஒரே சொல்லேயாகும். அக்காலத்தில் இங்கிருந்த பதிப்புரிமைச் சட்டம் பாட்டை விற்கும் உரிமையைக் காத்ததேயன்றி, பாடியவனின் மானத்தைக் காக்கவில்லை. இன்றோ 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், தன் ஆக்கத்தைச் சிதைப்பதை எதிர்க்கும் ஒழுக்க உரிமையை ஆக்கியோனுக்கு வழங்குகின்றது. சமரக்கோன் இறந்து பல்லாண்டு கழிந்தபின் சட்டம் அவர் பக்கம் வந்து சேர்ந்தது.

சிங்களக் கவிஞரின் சம்மதமே கேட்கப்படாத நாட்டில் தமிழ்ப் பாட்டின் கதி என்னவாகும்? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 7ஆம் உறுப்புரை தேசீய கீதத்தை வகுக்கின்றது. சொல்லும் இசையும் மூன்றாம் அட்டவணையில் உள்ளன. அதே அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலே தமிழ்ச் சொற்கள் அச்சாகியுள்ளன. அப்படியிருந்தும் 2010இல் தமிழில் பாடுவதை நிறுத்தலாமா என்ற பேச்சு மந்திரிசபை வரை சென்றது. 2016 பெப்ரவரி 4இல் காலிமுகத்திடலில் சுதந்திர விழாவிலே தமிழிற் பாடினார்கள். 1949க்குப் பின் அதுவே முதல் முறை. கேட்டுக் கண்கலங்கியவர் உளர். 2020ஆம் ஆண்டு விழாவிலே சிங்களத்தில் மட்டும் பாடினார்கள். ஆட்சியாளரின் முகத்தைப் பார்த்து வந்து போகும் ஒன்றை உரிமையென்று நான் சொல்லமாட்டேன், அது சலுகை. சலுகையாய்க் கிடைத்த தாய், மாற்றாந்தாய்.

இதற்கு வேறு வழியே இல்லையா? தென்னாபிரிக்காவைப் பாருங்கள். எனொக் சொன்டொங்கா 1897இல் ஆக்கிய வழிபாட்டுப் பாட்டு கறுப்பின மக்களின் போராட்டப் பாட்டாய் வளர்ந்தது. லங்கன்ஹோவன் 1918இல் எழுதிய கவிதை வெள்ளையராட்சியின் கீதமாயிற்று. 1994இல் ஆட்சி மாறியபோது வென்றவர்கள் தோற்றவர்களின் பாட்டைக் குப்பையிலே எறிந்திருக்கலாம். எறியவில்லை. மூன்று வருடம் இரண்டையும் பாடினார்கள். இசையறிஞரும் எழுத்தாளரும் கொண்ட குழுவொன்று உட்கார்ந்து இரண்டையும் ஒன்றாக்கியது. குடியேறிய வெள்ளையரின் மாட்டுவண்டிப் பயணத்தைப் புகழ்ந்த அடிகளை விட்டார்கள். வானத்தையும் கடலையும் மலையையும் பாடிய அடிகளை வைத்துக்கொண்டார்கள். 1997 முதல் அந்நாட்டின் கீதம் ஐந்து மொழிகளில் ஒலிக்கின்றது. ஒரு சுருதியிலே தொடங்கி வேறொரு சுருதியிலே முடிகின்றதாம். வித்துவான்கள் அதனைக் குறையென்று சொல்லக்கூடும். அரசியல் தெரிந்தவனோ, அந்த நாட்டின் சரித்திரத்தை அதைவிடச் சரியாகப் பாட இயலாதென்பான். அங்கே குறைகள் தீர்ந்துவிட்டன என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டு, இருந்து, பேசி ஆக்கினார்கள் என்பதே என் வாதம்.

இனி நம் ஊர் வழக்குக்கு வருவோம்.

வித்துவான் ஐயா, தாங்கள் மெட்டமைக்க மறுத்திருந்தால் தங்களை ஒருவரும் குறைகூற முடியாது. மனம் ஒப்பாத பாட்டைப் பாடாதிருப்பது ஒவ்வொருவரின் உரிமை. ஆனால் பிறர் எழுதிய அடியை அவர் பெயராலேயே மாற்றிப் பாடுவித்தது, 1961ஆம் ஆண்டு அரசினர் செய்த அதே காரியம். அவர்கள் செய்யும்போது அநீதி, நாம் செய்யும்போது இனப்பற்று என்று கூற என் மனச்சாட்சி இடந்தராது. அந்த இரண்டு அடிகளும் புலவரிடம் திரும்ப வேண்டும்.

புலவர் ஐயா, தங்களுக்கும் ஒரு சொல். வித்துவானின் தந்தையார் 1990இல் விட்டு வந்த வெங்காயத் தோட்டத்தை அவர் இன்றளவும் மிதிக்கவில்லை. உறுதி அவர் பெட்டியிலே இருக்கிறது. மண் அவர் கையிலே இல்லை. தாங்கள் நெல்லும் தேயிலையும் வைத்த அந்த மடியிலே அவருடைய நாலு பரப்புக் காணியைத் தேடினார், காணவில்லை. அதனாலே அவருக்குக் குரல் எழவில்லை. பாட்டிலே அவர் குற்றம் காணவில்லை. தம் இடத்தைக் காணவில்லை. அதைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. புலவரின் பாட்டு எழுதியபடியே இருக்கட்டும். வித்துவான் தம் பெயரில் ஒரு சரணம் எழுதட்டும். அந்தத் தோட்டத்தையே எழுதட்டும். இராகம் வேறாயினும் குற்றமில்லை. புலவர் சம்மதித்தால் இரண்டையும் சேர்த்துப் பாடுங்கள். சம்மதியாவிடின் தனித்தனியே பாடுங்கள். எழுந்து நிற்க விரும்பாதவனை மன்றத்தில் ஒருவரும் எழுப்பவேண்டாம். வற்புறுத்தி எழுப்பினால் உடம்புதான் எழும், பற்று எழாது.

கொழும்பிலே இருப்போர் நம்மைக் கேளாமல் மாற்றினார்கள் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கத்தான் வேண்டும். ஆனால் கேட்டு மாற்றுவது எப்படியென்று முதலில் இந்த மண்டபத்திலே செய்து காட்டுவோம். இன்று விழா முடிந்ததும் இரு மூலைகளிலும் இருப்பவர்கள் நடுவிலே வந்து ஒரு தேநீர் அருந்தட்டும். அதற்குரிய செலவை அப்புக்காத்து ஏற்றுக்கொள்கிறார். இந்த வழக்குக்குக் கட்டணமும் இல்லை.