கப்பலா, கலப்பையா?

நடுவர் ஐயா, நான் திருநள்ளாற்றுக்காரி. காரைக்காலை வாழ வெச்சது கப்பல்தான்னு எதிரணி அண்ணன் அடிச்சுச் சொன்னார். சைகோன் பணம், பிரெஞ்சு பென்ஷன்... வந்தது, இல்லேன்னு சொல்லலை. ஆனா 1850-கள்ல இதே காரைக்கால்ல கப்பலேறி, ரீயூனியனுக்கும் மார்த்தினிக்கும் கரும்பு வெட்டப் போனாங்களே கூலி ஜனங்க, அவங்களுக்கு என்ன வந்தது? எத்தனையோ பேர் திரும்பவே இல்லை! சொந்தமா நாலு குழி நிலம் இருந்திருந்தா போயிருப்பாங்களா? (கைதட்டல்)

1954-ல பிரெஞ்சுக்காரன் போனான். நாங்க இன்னைக்கும் காவிரிக்குக் கடைமடைதான். 2007-ல நடுவர் மன்றம், உங்களைச் சொல்லலை ஐயா, (சிரிப்பு) காவிரி நடுவர் மன்றம், புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி.ன்னு தீர்ப்பு எழுதுச்சு. 2018-ல உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அந்தத் தண்ணி வேளைக்கு வந்து தாளடி தப்பாம விளைஞ்சா, எங்க பையன் ஏண்ணே துபாய்க்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போறான்?