சாலை முடியும் துறைமுகம்

சனத்நகரின் ஓரமாக, எர்ரகட்டா வழியே நாள்தோறும் பணிக்குச் சென்று திரும்பும் தமிழன்பர்களே, அந்த நெடுஞ்சாலை கிழக்கே எங்குப் போய் முடிகிறது என்று எண்ணியதுண்டா? ஏறத்தாழ 340 கிலோமீட்டர் சென்றால் அதன் எல்லை மசூலிப்பட்டினம். கோல்கொண்டாவின் வைரமும் துணியும் கடல் கடந்தது அத்துறையின் வழியாகத்தான்.

வெயில் கடுமையெனினும் சித்திரை, வைகாசியிலேயே செல்லுங்கள். விஜயவாடாவை அடுத்த நூஜிவீடு வட்டாரத்துத் தோப்புகளிலிருந்து சின்னரசம் மாம்பழம் குவியும் காலம் அது. அதை அறுத்து உண்ணலாகாது. மெல்ல உருட்டிக் கசக்கி, காம்பைக் கிள்ளிச் சாற்றை உறிஞ்சுதல் வேண்டும். சேலத்து அன்பர்கள் இதனை ஒப்பமாட்டார்கள். அவர்களோடு வழக்காட நான் துணியேன்.

விஜயவாடாவிலிருந்து கிருஷ்ணையின் பாசன வயல்களூடே 70 கிலோமீட்டர் சென்றால் ஊர் வந்துவிடும். மக்கள் அதனைப் பந்தர் என்றே அழைப்பர். பாரசீகத்தில் துறைமுகம் என்று பொருள். டச்சுக்காரர் 1605-இலும் ஆங்கிலேயர் 1611-இலும் இங்குப் பண்டசாலை அமைத்தனர். சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக இவ்வூரே விளங்கியது. அத்தலைமை 1641-இல்தான் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் பெயர்ந்தது. அவ்வகையில் நம் சென்னைக்கு இவ்வூர் தாய்வீடு.

பழைய பெருமையைத் தேடுவோர்க்கு இன்று கோட்டையின் இடிபாடுகளும் டச்சுக் கல்லறைகளுமே எஞ்சியுள்ளன. ஆழமற்ற கடலாதலால் கப்பல்கள் அந்நாளிலேயே கரைக்கு நெடுந்தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. 1864 நவம்பர் 1 இரவு, புயலோடு கடல் ஊருக்குள் புகுந்து ஏறத்தாழ 30,000 உயிர்களைக் கொண்டு சென்றது. அந்த அடியிலிருந்து துறை பழைய நிலைக்கு மீளவேயில்லை. மங்கினப்பூடிக் கடற்கரைக்கு அருகே புதிய துறைமுகப் பணி தொடங்கியது 2023-இல்தான்.

துறை தளர்ந்தது, அதன் சரக்கு அழியவில்லை. அருகிலுள்ள பெடனாவில் இன்றும் கலங்காரித் துணி அச்சிடுகின்றனர். கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த கறுப்பு மையைத் தோய்த்து, செதுக்கிய மர அச்சால் பதிக்கிறார்கள். பழைய துணிகளுக்குச் செந்நிறம் தந்தது சாயவேர். நம்மவர் அதனை இம்பூறல் என்பர். ஒவ்வொரு நிறத்துக்கும் அலசலும் உலர்த்தலும் உண்டாதலால், ஒரு துணி முடியப் பல நாள் ஆகும். இயந்திரத் திரையில் அச்சிட்ட போலிகள் மலிவாகக் கிடைப்பதே இக்கைவினைஞரின் பெருந்துயர்.

ஆகவே வாங்குமுன் துணியை விரித்துப் பாருங்கள். அச்சும் அச்சும் சேருமிடத்தில் கோடு மயிரிழை விலகியிருந்தால், அது பெரும்பாலும் கையால் பதித்ததே. அதற்குரிய விலையைப் பேரம் பேசாது கொடுங்கள்.